டில்லிக்குப் போய் வந்ததும்

அன்றைக்கு ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான். என் மாமியார். என் நாத்தனார். அவளோடு கல்லூரி வினாடி வினா அணியில் இருந்த மூன்று பெண்கள். கடைசியாக, ஒரு பிளைவுட் பலகையைக் கேரியரில் கட்டிக்கொண்டு திருமுல்லைவாயிலிலிருந்து சைக்கிளில் வந்த எலெக்ட்ரீஷியன். என் வீட்டுக்காரர் இல்லை. அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் தொழிற்சாலையில் ஓவர்டைம்.

பலகையில் நான்கு காலிங்பெல் சுவிட்சுகள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். நடுவில் ஒரு பஸ்ஸர். எலெக்ட்ரீஷியன் பிளக்கைச் சொருகி ஒரு சுவிட்சை அழுத்தியதும், தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். நாத்தனார் யாரிடமும் கேட்காமல் பச்சைக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் மெயின் பக்கம் ஓடினேன். ஃபியூஸ் போனால் குவார்ட்டர்ஸ் ஆபீசில் எழுதிக்கொடுக்க வேண்டும், எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் இருட்டாகிவிடும், யார் என்று விசாரிப்பார்கள், என் வீட்டுக்காரரின் வேலைக்கே ஏதாவது வந்துவிடும். இவ்வளவும் அந்தப் பத்தடி தூரத்துக்குள் நான் நினைத்து முடித்திருந்தேன்.

"இன்னாக்கா, கரண்டுக்கே இப்டி பயந்துகினு கீற. பாப்பா ஃபைனலுக்கு டில்லிக்குப் போவ சொல்லோ இன்னா பண்ணுவ?" என்று எலெக்ட்ரீஷியன் சிரித்தார். பணம் கொஞ்சம் குறைவாகத்தான் கையில் இருந்தது. கொடுத்ததை எண்ணாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீதிக்கு நான் தவணை சொல்ல ஆரம்பித்தேன். "வுடுக்கா. டில்லிக்குப் போய்ட்டு வந்தப்புறம் குடு. ஜெயிச்ச கையால குட்த்தா நல்லதுதானே" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடன் என்றாலே எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்தக் கடன் மட்டும் ஒரு நல்ல சகுனம் போல மனதில் உட்கார்ந்துகொண்டது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது மண்ணூர்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனியில் காஜா எடுக்கும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். அங்கிருந்துதான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். மாமனார் சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனதால் அந்த வேலை என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. நான் வந்தபோது நாத்தனார் பாவாடை தாவணியில் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணி வந்தால் நாத்தனார் குத்திக்காட்டுவாள் என்று கம்பெனியில் எல்லாரும் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். இவளோ வந்த முதல் வாரமே என் பக்கத்தில் உட்கார்ந்து, "காஜா எடுக்கறப்ப ஒரு பொத்தானுக்கு எத்தனை தையல் போடுவீங்க அண்ணி?" என்று கேட்டாள். சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை சட்டை என்றாள். அதையும் சொன்னேன். கண்ணை மூடித் திறந்து, என் மூன்று வருட உழைப்பை ஒரே எண்ணாகச் சொன்னாள். அது பெரிய எண். எனக்கு அன்று அழுகை வந்தது. அவள் பயந்துபோய் ஓடித் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அம்பத்தூர் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் சேர்ந்தாள். இரண்டாம் வருடத்தில் இந்த வினாடி வினா பைத்தியம் பிடித்தது. நான்கு பேர் அணி. இவள் மட்டும் மூத்தவள், மற்ற மூவரும் ஒரு வகுப்பு கீழே. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டில் பயிற்சி. நான்கு பேரும் அழுத்தப் போகிறவர்கள் என்றால் கேள்வியைப் படிப்பது யார்? அங்கேதான் நான் வந்தேன். கேள்விகள் இங்கிலீஷில் இருக்கும், எனக்கோ இங்கிலீஷ் வராது. நாத்தனார் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொருத்தியும் வீட்டில் கேள்விகளைத் தயாரித்து, இங்கிலீஷ் வார்த்தைகளை அப்படியே தமிழ் எழுத்தில், விடையோடு எழுதிக்கொண்டு வருவாள். தன் கேள்விக்குத் தான் அழுத்தக்கூடாது. "விச் ரிவர் ஃப்ளோஸ் த்ரூ" என்று தமிழ் எழுத்தில் இருப்பதை நான் வாசிப்பேன். என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. யார் முதலில் அழுத்தினார்கள் என்று பார்க்க வேண்டியதும் நான்தான். அந்தப் பலகையில் இரண்டு பல்புகள் ஒன்றாக எரிந்துவிடும், ஒன்று எரிந்தால் மற்றது அணையும்படி செய்ய எலெக்ட்ரீஷியனுக்கு வரவில்லை. "அதுக்குத்தான் உனக்கு கண்ணு கீதே" என்று சொல்லியிருந்தார். என் கண் எப்போதும் பச்சையைத்தான் முதலில் பார்க்கும். அந்த மூவரில் மண்ணூர்பேட்டைப் பெண் ஒருத்தி, "அக்கா, ஊட்டு ஆளுன்னு பச்சைக்கே குடுக்கிறீங்களே, நாங்க இன்னா தக்காளித் தொக்கா?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். மாமியார் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

ஒரு பழக்கம் எனக்கு. ஏதாவது வெளிநாட்டுப் பெயர் வந்தால், தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று அதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவேன். மற்ற மூன்று பேருக்கும் அது தொந்தரவு. நாத்தனாருக்கு அந்த நிறுத்தம்தான் வாசல். அந்த ஒரு மூச்சுக்குள் அவள் கட்டைவிரல் சுவிட்சில் இறங்கிவிடும். நான் பெயரைச் சொல்லவே தேவையில்லாமல் போகும். காப்பாற்றினாளே என்று இருக்கும் எனக்கு.

கவலைப்படுகிறவர்களுக்கு விதிமுறைகள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். இன்றைக்கும் சொல்வேன். முதலில் ஊருக்குள் போட்டி. அதில் ஜெயித்த கல்லூரி தென் மண்டலத்துக்குப் போகும். நாட்டில் நான்கு மண்டலம். ஒவ்வொரு மண்டலத்திலும் முதலாவது வரும் கல்லூரி டில்லிக்கு நேராகப் போகும். அது போக, நான்கு மண்டலத்திலும் இரண்டாவதாக வந்தவர்களில் யார் அதிக மார்க்கோ, அந்த ஒரே ஒரு கல்லூரிக்கு ஐந்தாவது இடம். அதிலும் இரண்டு கல்லூரிகள் சமமாக நின்றால், கேள்வி முடிவதற்குள் தப்பாக அழுத்தி மைனஸ் வாங்காத கல்லூரிக்குத்தான் அந்த இடம். இந்தக் கடைசி விதியை நாத்தனார் சொன்னபோது, "அப்ப நீ அவசரப்படாதம்மா, அவசரப்படாத" என்று சொன்னேன். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் சொன்னேன்.

ஊர்ப் போட்டியில் ஜெயித்தார்கள். தென் மண்டலப் போட்டி மெட்ராசில் ஒரு பெரிய கல்லூரி அரங்கத்தில் நடந்தது. பெண்ணைத் தனியாக அனுப்ப மாமியார் சம்மதிக்கவில்லை என்பதால் துணைக்கு நான் போனேன். கடைசி வரிசையில், மடியில் புளிசாதத் தூக்கோடு உட்கார்ந்திருந்தேன். மேடையில் பளபளவென்று நிஜமான பஸ்ஸர்கள். கேள்வி கேட்டவர் கோட்டு போட்டவர், எண்ணெய் ஊற்றினாற்போல் வழுக்கிக்கொண்டு போகும் குரல். இறுதிச் சுற்றின் கடைசிக் கேள்வி வந்தபோது எங்கள் பெண்களும் எதிர் அணியும் சமமாக இருந்தார்கள். அவர் படிக்க ஆரம்பித்தார். நாத்தனாரின் தலை லேசாக நிமிர்ந்தது. அவளுக்கு விடை தெரிந்துவிட்டால் அப்படித்தான் நிமிரும், எனக்குத் தெரியும். அழுத்தப் போகிறாள் என்று நான் தூக்கைப் பிடித்துக்கொண்டேன். எதிர் அணிப் பையன் அழுத்தினான். அவன் சொன்னது சரியாக இருந்தது. எங்களுக்கு இரண்டாவது இடம்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. வில்லிவாக்கம் தாண்டியது. பிறகு அவளே சொன்னாள். "நாலாவது வார்த்தையிலேயே தெரியும் அண்ணி. நீங்கன்னா அந்த எடத்துல ஒரு மூச்சு நிறுத்துவீங்க. அவர் நிறுத்துவாருன்னு பார்த்துகிட்டே இருந்தேன். அவர் நிறுத்தவே இல்ல." குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஒரு கணக்கை எந்த வரியில் விட்டோம் என்று கண்டுபிடித்தவளின் குரல். புளிசாதத்தை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, கல்லூரியிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய்ப் பலகையை எடுத்து வந்தாள். பிளக்கைச் சொருகி என்னை எதிரே உட்கார வைத்தாள். "இன்னிக்கு நீங்க பதில் சொல்லணும். சௌத்லேருந்து டில்லிக்குப் போற ரெண்டாவது டீம் எது?" தெரியும் என்று தோன்றியது. ஆனால் நான் ஒன்று நினைத்து, அது தப்பாகப் போய், அவள் முகம் வாடிவிட்டால்? கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் விரலைப் பிடித்துப் பச்சை சுவிட்சில் வைத்து அழுத்தினாள். வண்டுச் சத்தத்தில் மாமியார் பாத்திரத்தோடு ஓடிவந்தார்.

வடக்கே ஒரு கல்லூரியும் இவர்களும் சமமான மார்க்காம். அவர்களுக்கு இரண்டு மைனஸ். எங்கள் பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை. "உங்க பயம்தான் அண்ணி எங்களை டில்லிக்கு அனுப்புது" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் பயத்துக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

போட்டி பிப்ரவரியில் என்றார்கள். நான் அவளுடைய பெட்டியை ரயில் சீட்டோடு கட்டிவைக்க ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கினேன். அக்கம்பக்கத்தில் வடக்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்களிடம் குளிர் எப்படி, தண்ணீர் எப்படி என்று கேட்டு வைத்தேன். ஜனவரியில் கல்லூரிக்குக் கடிதம் வந்தது. டில்லியில் ஏதோ கலாட்டா, கல்லூரிகள் மூடிக் கிடக்கின்றன, போட்டி ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகிறது. தள்ளித்தானே போகிறது என்று நான் ஆறுதல் அடைந்தேன். மற்ற மூன்று பெண்களுக்கும் அது ஒன்றும் இல்லை. அவர்கள் அப்போது மூன்றாம் வருடத்தில் இருப்பார்கள். நாத்தனாருக்கு ஏப்ரலோடு படிப்பு முடிகிறது.

அணியைப் பார்த்துக்கொண்ட கல்லூரி மேடம் அவளைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னாராம். தகுதி பெற்றது கல்லூரி, ஆள் இல்லை. போட்டி நடக்கும் நாளில் அந்தக் கல்லூரி ரிஜிஸ்தரில் பெயர் உள்ளவர்தான் மேடையில் உட்காரலாம். ஒருவருக்குப் பதில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. "நீ ஜெயிச்சுக் கொடுத்ததுதான்மா. ஆனா நீ போக முடியாதே" என்று மேடமே கண் கலங்கினாராம்.

ரிஜிஸ்தரில் பெயர் நிற்க அங்கேயே மேலே படிக்கலாம், ஆனால் அந்தக் கல்லூரியில் மேற்படிப்பு என்று இருந்தது சரித்திரம் ஒன்றுதான். கணிதத்தில் மேற்படிப்புக்கு மெட்ராசில் ஒரு நல்ல கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. வீட்டிலோ மாமியார் முன்பே சொல்லியிருந்தார்: "ஒரு வருஷம் படிக்கட்டும். அதுக்குள்ள எடம் பார்ப்போம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க விட்டா மேல படிக்கட்டும், இல்லன்னா இல்ல. அதுக்கு மேல என்னால வயித்துல நெருப்பக் கட்டிகிட்டு உக்காந்திருக்க முடியாது." அவர் கெட்டவர் இல்லை. கணவன் இல்லாத வீட்டில் மகள் வயசு ஏறுவதைப் பார்க்கிறவர். ஆக, அவள் கையில் இருந்தது ஒரே ஒரு வருடம். அதைக் கணக்கில் போடுவதா, டில்லியில் போடுவதா?

துணி துவைக்கும் கல்லருகே என்னிடம்தான் முதலில் சொன்னாள். சொல்லும்போதே முடிவு செய்துவிட்டிருந்தாள். "கணக்கு எங்க அண்ணி போயிடும், அடுத்த வருஷமும் இருக்கும். டில்லி இருக்காது." நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். ரயிலுக்குப் பயந்தேன், குளிருக்குப் பயந்தேன், திருடனுக்குப் பயந்தேன். இந்த ஒரு முடிவுக்கு மட்டும் பயம் வரவில்லை. அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தது. சரித்திரம் எம்.ஏ.வில் சேர்ந்தாள். என் வீட்டுக்காரர், "கணக்குப் பிள்ளைக்கு எதுக்குடி ராஜாக்கள் கதை?" என்று கேட்டதற்கு, "ராஜாவுங்களுக்கும் வருஷக் கணக்கு இருக்கில்லண்ணா" என்று சொல்லிச் சமாளித்தாள். மெட்ராஸ் கல்லூரியின் இடம் வேறு யாருக்கோ போனது.

ஜூலை முடியப் போகும் ஒரு நாள். வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தாள். நான் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை யாரும் வரமாட்டாங்க அண்ணி. நீங்க எதுவும் படிக்க வேணாம்." ஏன் என்றேன். "நடத்தலையாம்" என்றாள். பரிசும் செலவும் கொடுப்பதாகச் சொன்ன கம்பெனி பின்வாங்கிவிட்டதாம். இந்த வருடம் போட்டியே இல்லையாம். அடுத்த வருடம் புதிதாக எல்லாரும் ஊர்ப் போட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். தகுதி பெற்ற கல்லூரிகளுக்கு வருத்தம் தெரிவித்து நாலு வரி அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நடத்தலைன்னா என்னடி, ஜெயிச்சது ஜெயிச்சதுதானே?" என்று கேட்டார்.

எந்தக் கேள்விக்கும் பாதியிலேயே பதில் சொல்கிற என் நாத்தனார் அந்தக் கேள்வியை முழுசாகக் கேட்டாள். அவரைக்காயைப் பார்த்தபடி, "தெரியலம்மா" என்றாள்.

நான் இத்தனை வருடங்களில் அதைப் பற்றி யோசிக்காத நாள் குறைவு. எத்தனை விதமாக நான் கவலைப்பட்டிருந்தேன். அவள் தோற்றுப்போவதை நினைத்தேன், காய்ச்சலில் விழுவதை நினைத்தேன், ரயிலைத் தவறவிடுவதை நினைத்தேன், மேடையில் மின்சாரம் போவதைக்கூட நினைத்தேன். இத்தனை படிகள் ஏறிப் போய் நின்ற பிறகு, மேலே அறையே இல்லை என்று ஆகும் என்பதை நான் நினைக்கவில்லை. கவலைப்படுவது ஒரு காவல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நினைத்துப் பயந்த எதுவும் நடக்காது, அதனால் எல்லாவற்றையும் நினைத்துவிட வேண்டும் என்பது என் ரகசியக் கணக்கு. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

எலெக்ட்ரீஷியனைக் கடைத்தெருவில் பார்த்து விஷயத்தைச் சொல்லிப் பாக்கியைக் கொடுக்கப் போனேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஏன்க்கா, பாப்பா டில்லியப் பாத்துட்ச்சா? இல்லல்ல? அப்போ கணக்கு இன்னும் நிக்குது. அடுத்த வருசம் போய்ட்டு வரட்டும்." பிடிவாதமாக வாங்கவே இல்லை. அதன் பிறகும் எங்கே பார்த்தாலும் பணத்தைக் கேட்க மாட்டார். "பாப்பா எப்போ டில்லிக்குப் போவுது?" என்றுதான் கேட்பார்.

எம்.ஏ.வை அவள் முடிக்கவில்லை. தை பிறந்ததும் குமணன்சாவடியில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை நல்லவர், ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கணிதத்தில் சேர்க்கிறோம் என்று பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் சொன்னதும் உண்மைதான். ஆனால் அதற்குள் முதல் பிள்ளை வந்தது, அவள் மாமனார் படுத்தார், இரண்டாவது பிள்ளை வந்தது. மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் படித்தவர்களில் எத்தனையோ பேர் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். டில்லிக்கும் போயிருப்பார்கள். அவள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. டிவியில் வினாடி வினா வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று அவள் மகன் ஒரு தடவை சொன்னான். அவனுக்குக் காரணம் தெரியாது.

போன வருடம் அவள் உடம்பு அவளைக் கைவிட்டது. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் பகலில் நான் கூட இருப்பேன். பேசினால் மூச்சு வாங்குகிறது, பேசவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நான் பேப்பர் படித்துக் காட்டுவேன். ஒரு கையில் பேப்பர், இன்னொரு கையில் அவள் கை. ஒரு நாள் ஏதோ வெளிநாட்டுச் செய்தி. பெரிய பெயர் ஒன்று வந்தது. இத்தனை வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தினேன்.

அவள் கட்டைவிரல் என் மணிக்கட்டில் அழுந்தியது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். தலை மட்டும் தலையணையில் லேசாக நிமிர்ந்திருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் அந்தப் பெயரைப் படிக்கவில்லை. மேலே படித்தால் அவள் அழுத்தியது வீணாகிவிடும் என்று தோன்றியது. "சரியான விடை" என்று மட்டும் சொன்னேன். அந்த நாலு பெண்களுக்கும் அந்தக் காலத்தில் நான் சொல்லிப் பழகிய வார்த்தை அது. உதடு கொஞ்சம் அசைந்தது. அந்த வாரமே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, பரணிலிருந்து அந்தப் பலகையை இறக்கினேன். நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருமுல்லைவாயிலில் வீடு கட்டியபோது அதையும் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்திருந்தேன். சிவப்பும் நீலமும் உடைந்திருந்தன. மஞ்சள் எரியவில்லை. பிளக்கைச் சொருகும்போது இப்போதும் மெயினைத் திரும்பிப் பார்த்தேன். அழுத்தியதும் பச்சை எரிந்தது. வண்டுச் சத்தமும் வந்தது, கொஞ்சம் கம்மலாக.

அன்று அந்த முன்னறையில் இருந்த ஏழு பேரில் மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை. மூன்று பெண்களில் ஒருத்தி மட்டும் துக்கத்துக்கு வந்து, என்னைப் பார்த்ததும் "அக்கா, எப்பவும் பச்சைக்கே குடுத்தீங்களே" என்று சொல்லிவிட்டு அழுதாள். எலெக்ட்ரீஷியனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கடை இருந்த இடத்தில் அவர் மகன் செல்போன் ரிப்பேர் செய்கிறான். நான் அந்தக் கடையைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஒரு தடவை படியேறி நின்றேன். "இன்னாம்மா வோணும்?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று இறங்கிவிட்டேன். பணம் கையில் இருந்தது. ஆனால் அவன் அப்பா வைத்த தவணை வேறு, அந்தத் தவணை இன்னும் வரவில்லை. டில்லிக்குப் போய் வந்ததும் கொடுக்க வேண்டியது, நாற்பது ரூபாய்.